ஒரே வீட்டில் மூன்று ஆய்வு: வாசகர் கேள்வி–பதில்

பல்கலைக்கழக ஆய்வுகள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே ஐயத்தை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தன. அறிவியல், பொறியியல், கல்வியியல் என்று துறைக்குத் துறை இவ்வளவு வேறுபடும் வேலைகளை எந்த அடிப்படையில் ஆய்வு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பதே அந்த ஐயம். அதை நேராகக் கேட்ட கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நான் வேதியியல், அண்ணன் கட்டடப் பொறியியல், அண்ணி கல்வியியல். நான் நாள் முழுவதும் ஆய்வகத்தில் கருவிகளோடு இருக்கிறேன். அண்ணன் கான்கிரீட் கட்டிகளை வார்த்து உடைக்கிறார். அண்ணி பள்ளி பள்ளியாகப் போய் வினாத்தாள் கொடுத்து எழுதி வாங்கி வருகிறார். மூன்றுக்கும் ஒரே பட்டம் என்பது எப்படிப் பொருந்தும்? (ஆய்வு மாணவி, திருச்சி)

பதில்: மூவருடைய வேலையிலும் பொதுவாக இருப்பதை இப்படிச் சொல்லலாம். தான் நினைத்தது தவறாக இருந்தால் அந்தத் தவறு வெளிப்பட்டே தீரும்படி முன்கூட்டியே ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதன் பிறகு விடைக்காகக் காத்திருப்பவரே ஆய்வாளர். அந்த ஏற்பாடு துறைக்குத் துறை மாறுகிறது. ஆய்வின் வகைகள் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டின் வகைகளே.

அண்ணனின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். வெளியாட்கள் அதை மிக எளிதாகக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள். கான்கிரீட் ஆய்வகத்துக்குள் போனால், 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிகள் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் மீதும் கலவையின் எண்ணும் வார்த்த தேதியும் பெயின்ட்டால் எழுதப்பட்டிருக்கும். 7ஆம் நாள் சிலவற்றையும் 28ஆம் நாள் சிலவற்றையும் எடுத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை பாரம் ஏற்றுவார்கள். சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்த கலவையை அப்படிச் சோதித்தால், 7ஆம் நாளில் அது வழக்கமான கலவையைவிட வலுக் குறைந்ததாகவே தெரியும். சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சாம்பலிலுள்ள சிலிக்கா மெல்ல மெல்லத்தான் சேர்கிறது என்பதால், வலு பின்னாளில்தான் ஏறும்; 90ஆம் நாளில் அது வழக்கமான கலவையை எட்டிப் பிடிப்பதும் முந்திவிடுவதும் உண்டு. 28 நாளோடு நிறுத்திக்கொண்டவர் ஒரு முடிவுக்கு வருவார், 90 நாள் பொறுத்திருந்தவர் வேறொரு முடிவுக்கு வருவார், இருவருடைய அளவீட்டிலும் பிழை இருக்காது. எத்தனை நாள் காத்திருப்பது என்று தீர்மானிப்பதிலேயே உங்கள் அண்ணனின் ஆய்வில் பாதி அடங்கியிருக்கிறது.

உங்கள் துறையில் ஒரு வசதி இருக்கிறது. தூய எத்தனால், கடல்மட்டக் காற்றழுத்தத்தில், எந்த நாட்டில் காய்ச்சினாலும் 78 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். அதனால் உங்கள் முடிவு தவறென்றால் வேறோர் ஊரில் வேறொருவர் அதே சோதனையைச் செய்து காட்டிவிட முடியும். அண்ணிக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு வகுப்பறைகள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பள்ளியில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த 20 பேரை மட்டும் பொறுக்கியெடுத்து அவர் ஒரு சிறப்பு வகுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்வில் அவர்களுடைய சராசரி ஏறும். ஆனால் அந்த வகுப்பை நடத்தாமல் இருந்திருந்தாலும் அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஏனெனில் முதல் தேர்வைக் காய்ச்சலோடு எழுதியவரும், இரவு உறங்காமல் வந்து எழுதியவரும் அந்த 20 பேரில் இருந்திருப்பார்கள். இந்தப் போலி ஏற்றத்தைக் கழித்தால்தான் வகுப்பின் உண்மையான பயன் தெரியும். அதற்காகத்தான் அதே நிலையிலுள்ள இன்னொரு குழுவைச் சிறப்பு வகுப்பு இல்லாமல் வைத்து ஒப்பிடுகிறார்கள். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதையும் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்கள். அண்ணி அலைந்து திரிந்து வாங்கி வரும் தாள்களில் ஒரு பாதி, தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக வாங்கியவையாக இருக்கும். அடுத்த முறை அவர் களைத்து வரும்போது, ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் கணிதத்தில் ஆய்வு செய்கிறாள். எதற்குப் பயன்படும் என்று கேட்டால், "தெரியாதுப்பா" என்கிறாள். அரசு அவளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. பயன் என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு மக்கள் பணத்தைக் கொடுப்பது சரிதானா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருதுநகர்)

பதில்: உங்கள் மகள் நேர்மையான பதிலைச் சொல்லியிருக்கிறார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அவர் உங்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம், அதைச் செய்யவில்லை.

இதே கேள்வி 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னும் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனுக்கு, பட்டம் எதுவும் இல்லாத நிலையிலும், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அதற்கு ஈடாக அவரிடம் எதிர்பார்த்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை. கணித மாணவர்கள் இன்று இராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று படிப்பது அந்தக் காலாண்டு அறிக்கைகளில் இருந்ததுதான். பயன் என்ன என்று கேட்காமல், மூன்று மாதமாக என்ன செய்தாய் என்று மட்டும் கேட்ட அந்த நிபந்தனை மிகச் சரியானது என்று நான் கருதுகிறேன்.

பயன் எங்கிருந்து வந்து சேரும் என்பதற்கு உங்கள் நினைவிலேயே உள்ள ஒன்றைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்டி-பிசிஆர் சோதனை, மரபணுத் துணுக்கைத் திரும்பத் திரும்ப இரட்டித்துப் பெருக்கும் முறையில் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கலவையை 95 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். பெருக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதி; சாதாரண நொதிகள் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். சிதையாத நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றொன்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் 1960களில், இவ்வளவு சூட்டில் எதுவும் உயிர் வாழ்கிறதா என்று அறிவதற்காக மட்டுமே அந்த ஊற்றுகளைத் தேடிப் போனார். பிசிஆர் முறையைக் கேரி முல்லிஸ் கண்டறிந்தது 1983இல். பிராக் ஆய்வுக்குப் பணம் கேட்டபோது யாராவது பயன் என்னவென்று கேட்டிருந்தால், அவரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

எல்லா ஆய்வுக்கும் இப்படி ஒரு பின்கதை வாய்க்கும் என்று சொன்னால் அது பொய். பெரும்பாலானவற்றுக்கு வாய்க்காது, எதற்கு வாய்க்கும் என்று முன்கூட்டிப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. 2020–21 கணக்கின்படி, ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். நூறு ரூபாயில் 64 காசு. அதில் ஒரு பகுதி, பயன் தெரியாத கேள்விகளுக்குப் போகட்டும் என்பதே என் கருத்து. உங்கள் மகளிடம் பயனைக் கேட்பதை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்பு உனக்குத் தெரியாமல் இருந்த எது இப்போது தெரிகிறது என்று கேளுங்கள். பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: அறிவியலார் கண்டுபிடிப்பதைப் பொறியியலார் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதானே? பொறியியலில் தனியாக ஆய்வு என்று என்ன இருக்கிறது? (பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்)

பதில்: வரலாறு பல இடங்களில் நேர்மாறாக நடந்திருக்கிறது. சுரங்கத்திலிருந்து நீர் இறைப்பதற்காகத் தாமஸ் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் 1712இல் ஓடத் தொடங்கிவிட்டது. வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலையைப் பெற முடியும் என்று சாடி கார்னோ எழுதியது 1824இல். இயந்திரம் ஓடி 112 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தக் கேள்வியிலிருந்துதான் வெப்ப இயக்கவியல் என்ற அறிவியல் துறையே வளர்ந்தது. ஓடுகிற ஒன்று ஏன் இப்படி ஓடுகிறது என்பதும் ஆய்வுக் கேள்விதான்.

ஆனால் பொறியியல் ஆய்வு எப்படிச் சிந்திக்கிறது என்பதைப் பார்க்க இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ஊட்டிக்குப் போனால் போதும். அங்கே முத்தோரையில் மலைச்சரிவொன்றின் மீது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1970இல் அது முடிந்தது. அறிவியல் கேள்வி, மிகத் தொலைவிலிருந்து ரேடியோ அலைகளை வீசும் வான்பொருள்கள், அதாவது ரேடியோ மூலங்கள், வானத்தில் எவ்வளவு பெரியவையாகத் தெரிகின்றன என்பது. நிலவு அவற்றை மறைக்கும் கணத்தை நுட்பமாகப் பதிவு செய்தால் அந்த அளவு கிடைக்கும். அதற்கு ஒரு மூலத்தை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கருவியை எல்லாப் பக்கமும் திருப்புவதென்றால் அதற்கான இயந்திர அமைப்புக்கே பெருஞ்செலவாகும்.

இங்கேதான் வடிவமைத்தவர்களின் கூர்மை தெரிகிறது. ஊட்டி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. அங்கே வடக்கு–தெற்காக 11 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவைக் கண்டுபிடித்து அதன் மீது தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு பூமி ஒரு பக்கம் சுழல, தொலைநோக்கியை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் மெல்ல உருட்டினாலே போதும். ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம்வரை பின்தொடரலாம். எதிரொளிக்கும் பரப்புக்கும் உலோகத் தகடு போடவில்லை. 24 பரவளைவுச் சட்டங்களின் மீது 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொலைநோக்கி பார்க்கும் அலைகளின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். கம்பிகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளிதான் என்பதால், அலைகளுக்கு அது முழுக் கண்ணாடியாகவே தோன்றும். மலைக்காற்றோ ஊடே புகுந்து போய்விடும். மலையின் சரிவு, காற்றின் அழுத்தம், கையிலிருக்கும் பணம் ஆகிய மூன்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்து விடை கண்ட அந்த வேலையை, ஏற்கெனவே தெரிந்ததைப் பயன்படுத்தியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அடுத்த முறை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடாமல், அனுமதி பெற்று அதையும் காட்டுங்கள் ஐயா.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். கல்வி ஆய்வுகள் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கின்றன. குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்போது அதை எப்படி அறிவியலைப்போல் ஆராய முடியும்? (தலைமை ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு நியாயமான வருத்தம் இருக்கிறது; அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், அனுபவம் ஏமாற்றும் இடங்களில் இரண்டைச் சொல்கிறேன்.

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் மனத்தில் பதியும் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்து, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆசிரியர் வகுப்பிலேயே பார்ப்பது அந்த ஐந்து நிமிட விளைவை. அதை நம்பித்தான் முப்பது ஆண்டு அனுபவமும் சேர்கிறது. ஒரு வாரம் பொறுத்து அளக்க வேண்டும் என்று ஒருவர் திட்டமிட்டதால்தான் மற்றது தெரிந்தது. சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கு 90 நாள் காத்திருப்பதும் இதுவும் ஒன்றுதான்.

இரண்டாவது, கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் 1990களில் நடந்தது. பாடநூல் இல்லாத பள்ளிக்குப் பாடநூல் கொடுத்தால் படிப்பு உயரும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. மைக்கேல் கிரெமரும் அவருடைய சகாக்களும், நூல் கொடுக்க வேண்டிய பள்ளிகளைத் தற்செயல் முறையில் தேர்ந்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முதல் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பயன் கிடைத்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பாடநூலே வீண் என்பது இதற்குப் பொருளன்று. படிக்கத் தெரியாத மொழியில் கொடுத்த நூல், படிக்கத் தெரிந்தவரையே சென்று சேர்ந்தது. இவ்வகைக் கள ஆய்வுகளுக்காகத்தான் கிரெமருக்கும் அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் என்பது உண்மை. அதனால்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது. நம் மாநிலத்திலேயே, பெருந்தொற்றால் 18 மாதம் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் அளந்தார்கள். இழப்பு கடுமையாக இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதென்றும், மீண்டதில் சுமார் 24 சதவீதத்துக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணமென்றும் அவர்கள் கண்டார்கள். மாலையில் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பத்திருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ஊர்ப் பெண்கள் செய்ததன் அளவு அது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதால் மட்டும் வந்த முன்னேற்றம் எவ்வளவு, மாலை வகுப்பால் வந்தது எவ்வளவு என்று எந்தத் தனி ஆசிரியராலும், அவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், தம் வகுப்பை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

இனி உங்கள் வருத்தம். நம் கல்வியியல் துறைகளில், ஒரு மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர் முந்நூறு பேரிடம் மனப்பான்மை வினாப்பட்டியல் கொடுத்து, ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார் என்று பிரித்துச் சராசரியும், இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையும் போட்டு முடிக்கும் ஆய்வேடுகள் ஏராளமாக வருகின்றன. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் ஆய்வேடு மாறிவிடும். விடை எப்படி வந்தாலும் அந்த ஆய்வாளர் எழுதும் பரிந்துரை மாறப்போவதில்லை என்றால், அவர் எதையும் கேட்கவே இல்லை. உங்களிடம் வந்து நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் இத்தகையவர்களாக இருந்திருப்பார்கள். அடுத்து ஒருவர் அனுமதிக் கடிதத்தோடு வந்தால், எந்த விடை வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று அவரிடம் கேளுங்கள் அம்மா. பதில் சொல்ல முடிந்தவருக்கு வகுப்பைத் திறந்துவிடுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், துறை தானாகச் சீர்படும் என்று நம்புகிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டு உழைத்து எழுதிய கட்டுரையை, மதிப்பிட்டவர் கடுமையான குறைகளைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மனம் உடைந்துவிட்டது. நெறியாளரோ, இதெல்லாம் சகஜம் என்கிறார். (உயிர்வேதியியல் ஆய்வு மாணவர், மதுரை)

பதில்: உங்கள் துறையில் தினமும் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

ஜி. என். ராமச்சந்திரன் 1952இல், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது தெரிந்திருக்கவில்லை. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. அதை எக்ஸ் கதிரால் படமெடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய திருகுச்சுருள் என்று நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

எதிர்ப்பு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், மூன்று இழை என்பது சரிதான், ஆனால் நீங்கள் சொல்லும் வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். அதற்கு மறுப்பு எழுதுவதோடு ராமச்சந்திரன் நிற்கவில்லை. அளவுக்கு மீறி என்றால் எந்த அளவு என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையேயான தொலைவுகளைத் திரட்டி, எவ்வளவு நெருக்கம் இயற்கையில் அனுமதிக்கப்படுகிறது என்று வரையறுத்தார். அந்த வரையறையைக் கொண்டு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டதுதான் அந்த வரைபடம். இன்று உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைத் தீர்த்தாலும், அது நம்பத்தக்கதா என்று அதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

மதிப்பீட்டாளரின் கடிதத்தை மறுபடியும் எடுங்கள். அதில் உங்களை மிகவும் புண்படுத்திய வரி எதுவோ, அதில் ஒரு அளவைப் பற்றிய சொல் இருக்கிறதா என்று பாருங்கள். போதாது, அதிகம், தெளிவில்லை என்பவை அத்தகைய சொற்கள். எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு உங்கள் துறையில் விடை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன்படி திருத்துங்கள். இல்லையென்றால் உங்கள் அடுத்த கட்டுரை அதுதான்.

கேள்வி: கருதுகோள் பொய்த்துவிட்டால் ஆய்வேடு தோற்றதாகிவிடுமா? (முதுகலை மாணவர், கோவை)

பதில்: ஆகாது. ஒளி பரவுவதற்கு ஈதர் என்ற ஊடகம் உண்டென்று நம்பி, அதனூடே பூமி விரையும்போது ஏற்படும் வேறுபாட்டை அளக்க மைக்கெல்சனும் மார்லியும் 1887இல் முயன்றார்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. இயற்பியல் பாடநூல்களில் இன்றும் அந்தச் சோதனைக்கு இடமிருக்கிறது. ஏற்பாடு கவனமாக இருந்தால் இல்லை என்ற விடைக்கும் மதிப்பு உண்டு; ஏற்பாடு தளர்வாக இருந்தால் ஆம் என்ற விடைக்கும் மதிப்பில்லை.

கேள்வி: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நண்பர்கள் பலர் இப்படித்தான் வெளியிட்டிருக்கிறார்கள். நானும் அனுப்பலாமா? (ஆய்வு மாணவி, வேலூர்)

பதில்: அனுப்பாதீர்கள். எல்லோரும் தடையின்றிப் படிக்கும்படி வெளியிடும் தரமான இதழ்களில் சிலவும் கட்டணம் வாங்குகின்றன என்பதால், பணம் கேட்பது மட்டும் ஐயத்துக்குரியதன்று. ஒரு வாரம் என்ற உறுதிமொழிதான் ஐயத்துக்குரியது. துறை தெரிந்த இருவரோ மூவரோ கட்டுரையைப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, கேள்வி எழுப்பி, நீங்கள் பதில் எழுதி, அவர்கள் மறுபடி படிப்பதற்கு மாதங்கள் ஆகும். அதைச் செய்யாமலே வெளியிடுகிறோம் என்பதைத்தான் அந்த மின்னஞ்சல் வேறு சொற்களில் சொல்கிறது.

நீங்கள் தவறு செய்திருந்தால் அதை யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று நீங்களே விரும்ப வேண்டும். 2011இல், ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியிலுள்ள கிரான் சாசோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்துவிட்டதாக ஓபெரா குழுவின் அளவீடு காட்டியது. அந்தக் குழுவினர், எங்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள் என்று விவரங்களை வெளியே வைத்தார்கள். அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது. முக்கியமானது, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு. வெளிப்பார்வைக்குச் சங்கடமாகத் தோன்றலாம். ஆனால் அவர்களுடைய முடிவை அவர்களே தேடித் திருத்தினார்கள். அந்த ஒரு வார இதழில் உங்கள் கட்டுரை வந்தால், அதிலுள்ள தவறு உங்கள் பெயரோடு என்றைக்கும் அப்படியே இருக்கும்.

கேள்வி: ஆய்வில் சேர எண்ணியிருக்கிறேன். எந்தத் துறை என்பதே முடிவாகவில்லை. வெவ்வேறு துறை ஆய்வேடுகளைக் கட்டணமில்லாமல் எங்கே படிக்கலாம்? தமிழில் கிடைக்குமா? (இளங்கலை இறுதியாண்டு மாணவி, தூத்துக்குடி)

பதில்: சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுமையாகவே கிடைக்கின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் அதை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அதில் இருக்கின்றன, பெரும்பாலும் தமிழ்த் துறைகளிலிருந்து வந்தவை.

அறிவியலில் இரண்டு, பொறியியலில் இரண்டு, கல்வியியலில் இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம்; முன்னுரைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசி இயலுக்குப் போய், ஆய்வின் எல்லைகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். தன் முடிவு எங்கே செல்லாது, எதை அளக்க முடியவில்லை, எந்த இடத்தில் ஐயம் எஞ்சியிருக்கிறது என்று அங்கே விரிவாக எழுதியிருந்தால், அந்த ஆய்வேட்டை முதலிலிருந்து வாசியுங்கள். ஒரே வரியில் முடித்திருந்தால் அடுத்ததை எடுங்கள். ஆறிலும் எந்தத் துறையின் ஐயங்கள் இரவு படுத்த பிறகும் உங்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ, அந்தத் துறையின் பெயரை எனக்கு எழுதுங்கள். நெறியாளரைத் தேடுவது பற்றி அடுத்த இதழில் பேசலாம்.